தலைநகர் தெரியும், தூரம் தெரியாது: புத்தகங்கள் வழியே பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்டுவது

தரம் 4 படிக்கிற பிள்ளையிடம் மொங்கோலியாவின் தலைநகரைக் கேட்டால், கேள்வி முடியுமுன்பே பதில் வரும். கொழும்பிலிருந்து லண்டன் தூரமா, சிட்னி தூரமா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், சுமார் 8,700 கிலோமீற்றர். பொது அறிவுக் கையேடுகளும் கொடிகள் அச்சிட்ட சுவர்ப்படங்களும் பிள்ளைகளுக்குப் பெயர்களைக் கொடுத்திருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே இன்று காலை யாரோ ஒரு பிள்ளை பாடசாலைக்குப் போக அடம் பிடிக்கிறது என்பதைக் கொடுக்கவில்லை.

அதைக் கதைப் புத்தகங்களால் கொடுக்கலாம். ஆனால் ஒரு நாட்டைப் பற்றி ஒரே ஒரு புத்தகம் வாசித்த பிள்ளை, ஒன்றுமே வாசிக்காத பிள்ளையைவிடப் பிழையான படத்தோடு வளர வாய்ப்பு அதிகம். அதனால் ஒரு நாட்டுக்கு மூன்று புத்தகங்கள், ஒரு மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாடுகளுக்கு மேல் வராது. பரவாயில்லை.

மூன்றில் முதலாவது, அந்த நாட்டில் இப்போது வாழும் ஒரு பிள்ளையின் சாதாரண நாளைச் சொல்லும் கதை. இரண்டாவது, அங்கத்தைய நாட்டார் கதை. மூன்றாவது, படங்களுடன் கூடிய தகவல் நூல் அல்லது அட்லஸின் அந்தப் பக்கம். இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம். தகவல் நூலை முதலில் கொடுத்தால் ஆறுகளும் மலைகளும் மனப்பாடப் பட்டியலாகிவிடும். தொங்கவிட ஆணி இல்லாத சட்டைகள் மாதிரி நிலத்தில் குவியும். நாட்டார் கதையை முதலில் கொடுத்தால் ரஷ்யா என்பது காட்டுக்குள் சூனியக்கிழவி குடியிருக்கும் இடம் என்று பதிந்துவிடும். பிறகு மாஸ்கோவின் சுரங்க ரயிலைக் காட்டினாலும் கிழவி போகமாட்டாள்.

எந்த நாட்டிலிருந்து தொடங்குவது? அரிதான, வியப்பூட்டும் நாடு வேண்டாம். வீட்டிலேயே ஏற்கெனவே இருக்கிற நாட்டை எடுங்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருக்கிற பல தமிழ்க் குடும்பங்களில் ஒரு மாமா ரொறன்ரோவில், ஒரு சித்தி லண்டனில் அல்லது பாரிஸில் இருப்பார். அப்படி யாரும் இல்லாத வீட்டிலும் சமையலறை இருக்கிறது. பால்மா பக்கற்றைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் நியூசிலாந்து என்று இருக்கும். மைசூர்ப் பருப்பு கனடாவிலிருந்தோ அவுஸ்திரேலியாவிலிருந்தோ வந்திருக்கும். பாண் சுடுகிற மாவுக்கான கோதுமை வெளிநாட்டில் விளைந்தது. மாசி மாலைதீவிலிருந்து வருகிறது. பக்கற்றில் நாட்டின் பெயரைத் தேடி வாசிப்பதே ஆறு, ஏழு வயதுப் பிள்ளைக்கு அரை மணித்தியால வேலை. அதன் பிறகு நியூசிலாந்துப் பண்ணைக் கதை ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பசு யாரோ ஒருவருடைய பசு அல்ல, காலையில் குடித்த தேத்தண்ணீரின் பசு.

ஐந்து வயதுக்குக் கீழே உலகப்படம் தேவையில்லை. கொழும்பு இலங்கைக்குள் இருக்கிறது, இலங்கை ஆசியாவுக்குள் இருக்கிறது என்பதே அந்த வயதில் பிடிபடாது. கொழும்பும் இலங்கையும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்றுதான் நினைப்பார்கள். ஒன்றுக்குள் ஒன்று போகிற நாலு கடித உறைகளை எடுத்து, சின்னதில் வீட்டு ஒழுங்கையின் பெயர், அடுத்ததில் கொழும்பு 6, அதற்கடுத்ததில் இலங்கை, பெரியதில் ஆசியா என்று எழுதி ஒன்றுக்குள் ஒன்று வைக்கச் சொன்னால் போதும். சில மாதம் கழித்துத் திரும்பவும் செய்யவேண்டி வரும்.

தமிழில் புத்தகம் கிடைப்பதுதான் பெரிய சிக்கல். கொழும்புப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியும் வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகமும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். செப்டெம்பரில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போனால் தமிழ்நாட்டுப் பதிப்பாளர்களின் மொழிபெயர்ப்புகளைக் கட்டாயம் தேடுங்கள். இந்தியப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் இலவசமாக இருக்கின்றன. அவற்றை இறக்கி ஏ4 தாளில் அச்சிட்டு, நடுவில் தைத்து வைத்துக்கொள்ள உரிமமும் இடம் தருகிறது. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். பிள்ளை தானாக வாசிப்பதற்கு ஒரு நிலை குறைவாகவும், நீங்கள் வாசித்துக் காட்டுவதற்கு ஒரு நிலை கூடுதலாகவும் எடுத்தால் சரியாக வரும்.

இதெல்லாம் சேர்த்தும், குறிப்பிட்ட ஒரு நாட்டின் இன்றைய வாழ்க்கையைச் சொல்லும் தமிழ்ப் படக்கதை கிடைக்காமல் போகும். அப்போது சிங்கள, ஆங்கிலப் படக்கதைகளை எடுத்துத் தமிழில் வாசித்துக் காட்டலாம். இங்கேதான் பலர் சறுக்குவது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, வரியைப் பார்த்து அந்த இடத்திலேயே மொழிபெயர்த்தால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு தயக்கம் விழும். கதை செத்துவிடும். படக்கதைகள் வழக்கமாக 32 பக்கம்தான். முதல்நாள் இரவு ஒருமுறை வாசித்து, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிக்கு மேற்படாமல் பேச்சுத் தமிழில் ஒட்டுத்தாளில் எழுதி அந்தந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை நூலகப் புத்தகத்தில் படியும். ஆட்களின் பெயர்களையும் சாப்பாட்டுப் பெயர்களையும் மாற்ற வேண்டாம். யூக்கி என்ற பிள்ளை உமாவாக மாறினால், ஜப்பான் பாதி காணாமல் போய்விடும்.

இந்தியாவில் அச்சான நூலில் டொரான்டோ, ஆஸ்திரேலியா என்று இருக்கும். எங்கள் பாடப்புத்தகத்தில் ரொறன்ரோ, அவுஸ்திரேலியா. அகராதி ஒழுங்கில் தேடும் பிள்ளைக்கு இவை வெவ்வேறு ஊர்கள். அட்லஸின் பெயர் அட்டவணையில் மற்ற எழுத்துக்கூட்டலையும் ஓரத்தில் எழுதிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

முதல் வாசிப்பில் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். கதை முடிந்து, அடுத்த நாள் இரண்டாம் முறை வாசிக்கும்போது கேட்கலாம். "அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள்?" என்ற கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வந்து நின்றுவிடும். "இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிற நேரம் நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?" என்று கேட்டால் மணிக்கூடு வெளியே வரும். கோடையில் ரொறன்ரோ எங்களைவிட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. மாமா ஏன் டிசெம்பரில் வேறு நேரத்தில் அழைக்கிறார் என்பதைப் பிள்ளைகள் ஏற்கெனவே கவனித்திருப்பார்கள். அங்கே ஆண்டுக்கு இருமுறை மணிக்கூட்டை மாற்றுகிறார்கள் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

பூமி உருண்டை ஒன்று வாங்கத்தான் வேண்டும். மேசையில் வைக்கிற சின்ன அலங்கார உருண்டைகள் வீண்காசு. 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ளது வேண்டும். அந்த அளவில் இலங்கை ஒரு சென்ரிமீற்றர் நீளம் இருக்கும், கொழும்பில் ஒரு குண்டூசித் தலை அளவு ஒட்டி ஒட்டலாம். வாங்குமுன் தென் சூடான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 2011க்கு முந்தைய படம் அது. மலைகள் புடைத்திருக்கும் உருண்டைக்குக் கூடுதல் காசு கேட்பார்கள், கொடுக்காதீர்கள். 30 சென்ரிமீற்றர் உருண்டையில் உண்மை அளவில் எவரெஸ்ட் 0.2 மில்லிமீற்றர்தான் உயரும். விரலில் தடக்குகிற இமயமலை பொய்.

இந்த உருண்டையின் சுற்றளவு 94 சென்ரிமீற்றர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீற்றர். ஆக ஒரு சென்ரிமீற்றர் என்பது ஏறக்குறைய 425 கிலோமீற்றர். தையல் நூலின் ஒரு நுனியைக் கொழும்பில் பிடித்து, மற்ற நுனியைக் கதை நடக்கும் ஊருக்கு இழுத்து, அளவுகோலில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். லண்டனுக்கு 20 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே வரும், சிட்னிக்கும் அதேதான். ரொறன்ரோவுக்கு 33. நூல் இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அகலக்கோட்டோடு சேர்ந்து வளைந்து அதிகமாகக் காட்டும். இழுபடுகிற நூலும் உதவாது. ரொறன்ரோவுக்கு நூலை இறுக்கும்போது அது அத்திலாந்திக்கின் நடுவால் போகாமல் வட ஐரோப்பாவையும் கிறீன்லாந்தையும் தொட்டுக்கொண்டு போவதைப் பார்த்துப் பிள்ளைகள் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்ப்பார்கள். சுவர்ப்படத்தில் இது தெரியவே தெரியாது.

சுவர்ப்படத்தைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஆனால் அது எந்த முறையில் வரைந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். மேர்கேற்றர் என்ற வரைபடக் கலைஞர் 1569இல் மாலுமிகளுக்காக வரைந்த முறையில் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலம் ஊதிப்போகும். அந்தப் படத்தில் கிறீன்லாந்தும் ஆபிரிக்காவும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரியும். உண்மையில் ஆபிரிக்கா 14 மடங்கு பெரியது. ஒரு தோடம்பழத்தில் பேனாவால் கண்டங்களை வரைந்து, தோலை முடிந்தவரை முழுதாக உரித்து, மேசையில் தட்டையாக அழுத்தச் சொல்லுங்கள். கிழியாமல் வராது. கிழியாமல் அச்சடித்த படத்தில் எங்கோ இழுத்திருக்கிறார்கள் என்பது விளங்கிவிடும். கடையில் கிடைக்கும் பச்சைத் தோடை நல்லது, தோல் மெல்லிய மண்டரின் சின்னத் துண்டுகளாகப் போய்விடும்.

கொழும்புப் பிள்ளைக்கு வெளிநாட்டுக் கதைகளில் விளங்காமல் போவது பருவகாலம். இலை உதிர்கிறது, பனி விழுகிறது, மாலை நாலு மணிக்கே இருட்டுகிறது என்று வாசித்துக்கொண்டு போவார்கள்; மனதில் ஒன்றும் படியாது. இங்கே ஆண்டு முழுவதும் பகலின் நீளம் ஒரு மணித்தியாலம்கூடக் கூடிக் குறைவதில்லை. லண்டனில் டிசெம்பர்ப் பகல் 8 மணித்தியாலம், ஜூனில் 16க்கும் மேல். குளிருக்கு நுவரெலியாவைப் பிடித்துக்கொள்ளலாம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் அங்கே புல்லின்மேல் உறைபனி படியும். இருட்டுக்கு ஒரு சோதனை செய்ய வேண்டும்.

இரவில் அறையின் நடுவில் மூடியில்லாத மின்குமிழ் ஒன்றை உருண்டையின் உயரத்துக்கு வையுங்கள். ரோர்ச் ஒரு பக்கம் மட்டுமே ஒளி தருவதால் அது சரிவராது. கொழும்பில் ஒரு சிவப்பு ஒட்டி, லண்டனில் ஒரு நீல ஒட்டி. உருண்டையின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருக்கும். சாய்வின் மேல்நுனி ஒரு சுவரை, உதாரணமாக யன்னல் இருக்கிற சுவரைப் பார்க்கட்டும். இப்போது உருண்டையைக் குமிழைச் சுற்றி நாலு இடங்களில் வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை சுழற்றி, எந்த ஒட்டி எவ்வளவு நேரம் வெளிச்சத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாலு இடத்திலும் சாய்வு அதே யன்னல் சுவரைத்தான் பார்க்க வேண்டும். பெரியவர்கள் அநேகமாக இங்கே பிழை விடுவார்கள். உருண்டையைத் தூக்கி நடக்கும்போது கை தானாகத் திரும்பி, சாய்வு எப்போதும் குமிழைப் பார்க்கும். பிறகு நாலு இடத்திலும் கோடைதான். சரியாகச் செய்தால் சிவப்பு ஒட்டி எங்கு வைத்தாலும் பாதிச் சுற்று வெளிச்சத்தில், பாதிச் சுற்று இருட்டில். நீல ஒட்டி ஓரிடத்தில் பெரும்பகுதி இருட்டுக்குள் போய்விடும்.

சூரியனுக்குக் கிட்டப் போனால் கோடை என்று பிள்ளைகள் நினைப்பார்கள், ஆசிரியர்கள் சிலரும் நினைக்கிறார்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி தொடக்கத்தில், லண்டன் நடுங்கிக்கொண்டிருக்கும்போது. இதை வாயால் விளக்குவதைவிட ஏப்ரல் 7ஆம் திகதியளவில் மதியம் 12 மணி தாண்டிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மொட்டைமாடியில் ஒரு தடியை நிமிர்த்திப் பிடியுங்கள். சூரியன் கொழும்புக்கு நேர் மேலே. நிழல் தடியின் காலடிக்குள் போய்விடும். செப்டெம்பர் முதல் வாரத்தில் இன்னொருமுறை நடக்கும். லண்டனில் இது எந்த நாளிலும் நடக்காது.

இனிப் பண்பாடு. புத்தகங்கள் அதிகம் கெடுப்பது இதைத்தான். மொங்கோலியா என்றால் வட்டக் கூடாரமும் குதிரையும். ஆனால் அந்த நாட்டு மக்களில் ஏறத்தாழ பாதிப்பேர் தலைநகர் உலான் பத்தோரில் வாழ்கிறார்கள். வட துருவப் பகுதியில் வாழும் இனுவிற் மக்கள் என்றால் பனிக்கட்டி வீடு. அது வேட்டைப் பயணத்தில் தங்குவதற்குக் கட்டும் தற்காலிகக் குடில், இன்று அவர்கள் இருப்பது சாதாரண வீடுகளில். ஜப்பான் என்றால் கிமோனோ. அது விசேட நாள் உடுப்பு. பொய் இல்லை, ஆனால் அது மட்டும்தான் இருக்கிறது என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும்.

இதைப் பிள்ளைக்குப் புரியவைக்க ஒரு வழி மற்ற எல்லாவற்றையும்விட வேலை செய்கிறது. உலக நாடுகளைப் பற்றிய வெளிநாட்டு நூல் ஒன்றில் இலங்கைப் பக்கத்தைத் திறந்து கொடுங்கள். யானை இருக்கும். சீகிரியா இருக்கும். கம்பில் குந்தியிருந்து மீன் பிடிப்பவர் இருப்பார். தேயிலை கிள்ளும் பெண் இருப்பார். அவர் என்ன மொழி பேசுவார் என்று பக்கத்தில் எழுதியிருக்கமாட்டார்கள். "இதில் எது உன்னுடைய வீட்டில் இருக்கிறது? எது விடுபட்டிருக்கிறது?" என்று கேட்டு, விடுபட்டவற்றை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். தொடர்மாடி, காலி வீதி நெரிசல், கோயில் தேர், பாடசாலை வான், கொத்துரொட்டி, தமிழ் என்று பட்டியல் நீளும். அந்தத் தாளை எறியாமல் வைத்திருந்து, அடுத்ததாகக் கென்யாப் பக்கத்தைத் திறக்கும்போது பக்கத்தில் வையுங்கள். நைரோபியில் தொடர்மாடி இருக்காதா, அங்கேயும் பள்ளிக்கூட வான் இருக்குமா என்று கேள்விகள் பிள்ளையிடமிருந்தே வரும். அதன்பிறகு நீங்கள் பெரிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகத்தை வாங்குமுன் கடையிலேயே இரண்டு விடயங்களைப் பாருங்கள். அந்தப் பக்கங்களில் நகரம் ஒன்றாவது வருகிறதா? மக்கள் யாராவது வேலை செய்கிறார்களா, அல்லது எல்லோரும் ஆடிக்கொண்டும் சிரித்துக்கொண்டுமா இருக்கிறார்கள்? "ஆபிரிக்காவில் ஒரு கிராமத்தில்" என்று தொடங்கி நாட்டின் பெயரைச் சொல்லாத நூலைத் திருப்பி வைத்துவிடலாம். ஐக்கிய நாடுகள் சபையில் அங்கத்துவம் பெற்ற 54 நாடுகள் அங்கே இருக்கின்றன.

சாப்பாட்டு நூல்கள் பண்பாட்டுக்கு எளிதான வாசல் என்று சொல்வார்கள். பாதி உண்மை. வெளிநாட்டு உணவொன்றைச் செய்து பார்ப்பது ஒருநாள் விளையாட்டு. அதைவிட எங்கள் சோற்றுக்கோப்பையைப் பிரித்துப் பார்ப்பதில் அதிகம் கிடைக்கிறது. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, பப்பாசி, கொய்யா எல்லாமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. போர்த்துக்கேயர் 1505இல் இங்கு வந்து இறங்குவதற்கு முன் இந்தத் தீவில் மிளகாய் இல்லை, உறைப்புக்கு மிளகுதான். மிளகாய் இல்லாத சம்பல் எப்படி இருக்கும் என்று கேட்டால் வகுப்பு கலவரமாகும்.

வாசித்ததற்குப் பொருத்தமாகக் கொழும்புக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டியது தேசிய நூதனசாலையில் இருக்கும் காலி மும்மொழிக் கல்வெட்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹே 1405 முதல் 1433 வரை ஏழு கடற்பயணங்கள் மேற்கொண்டார். 1409ஆம் ஆண்டுத் திகதியிட்ட இந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதியில் புத்தருக்கும், தமிழ்ப் பகுதியில் தெனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதியில் அல்லாஹ்வுக்கும் காணிக்கைகள் சொல்லப்படுகின்றன. சீனாவைப் பற்றிய மாதத்தின் கடைசி வாரத்தில் போங்கள். முதலில் போனால் அது தேய்ந்த ஒரு கல். போகுமுன் கல்வெட்டின் படத்தை அச்சிட்டுக் கொடுத்து, தமிழ் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று வீட்டிலேயே தேடவிட வேண்டும். கண்ணாடிக்கு முன் நின்று தேடவிட்டால் ஐந்து நிமிடத்தில் டைனோசர் எங்கே என்று கேட்பார்கள்.

பழைய புத்தகக் கடைகளில் அட்லஸ் வாங்குபவர்களுக்கு ஒரு சொல். வயதைக் கண்டுபிடிக்க அச்சாண்டைத் தேட வேண்டாம், படமே சொல்லும். எங்கள் தீவு சிலோன் என்று இருந்தால் 1972க்கு முந்தையது. சோவியத் ஒன்றியம் இருந்தால் 1991க்கு முந்தையது. செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்து எரித்திரியா இல்லையென்றால் 1993க்கு முந்தையது. சுவாசிலாந்து என்று இருந்தால் 2018க்கு முன். பாடத்துக்குப் புதியது வேண்டும், ஆனால் மலிவாகக் கிடைக்கும் பழையது ஒன்றையும் பக்கத்தில் வைத்திருங்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ச் சிறுவர் நூல்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அவை அச்சான சோவியத் ஒன்றியத்தைப் பழைய அட்லஸில் கண்டுபிடித்து, புதியதில் தேடச் சொன்னால் 15 நாடுகள் கிடைக்கும். அவற்றில் இரண்டின் பெயர் செய்திகளில் போரோடு சேர்ந்து வருவது பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தக் கேள்வி வரும்போது சமாளிக்க, உக்ரேனில் ஒரு சாதாரண நாளைச் சொல்லும் கதை முன்கூட்டியே வாசித்ததாக இருக்க வேண்டும். இடிந்த கட்டடம் மட்டும் முதல் படமாக இருக்கக் கூடாது.

எல்லைக்கோடுகளும் அப்படித்தான். இங்கே கடைகளில் விற்கும் அட்லஸ்களில் கணிசமானவை இந்தியாவில் அச்சானவை. அவற்றில் காஷ்மீர் முழுவதும் இந்தியாவுக்குள் இருக்கும். இங்கிலாந்தில் அச்சானதில் அதே இடத்தில் புள்ளிக்கோடுகள் ஓடும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் இரண்டையும் ஒரே மேசையில் திறந்து வையுங்கள். எது சரி என்று கேட்பார்கள். பதில் சொல்லுமுன், இரண்டு நூல்களும் எந்த நாட்டில் அச்சானவை என்று தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.